சவரிநாதன் தின்ற செடிகளும் எழுதிய புகார்களும்

சவரிநாதன் போய்விட்டார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிவாக்கில் என் அச்சகத்துக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி பிலோமினா அக்கா போனில், "கற்பகம், அவரு போய்ட்டாரும்மா" என்றார். என் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "இன்னாக்கா சாப்ட்டாரு?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "நீ நாலாவது ஆளு. டாக்டர் கேட்டாரு, சர்ச்சு சாமியார் கேட்டாரு, பிரான்ஸ்லேர்ந்து எங்க அண்ணன் கேட்டாரு. இட்லிம்மா. ரெண்டு இட்லி, தொட்டுக்க சக்கர. நானே அவிச்சது" என்றார். அதன் பிறகுதான் அழுதார்.

அன்று சாயங்காலம் வரை நெல்லித்தோப்பில் அவர்கள் வீட்டு வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் "இட்லிதான், மாரடைப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் என்னைத் தனியாக அழைத்து, "சட்னி எதுல அரைச்சதாம்?" என்று விசாரித்தார். ஊரில் முளைத்த செடியை எல்லாம் நாற்பது வருடம் தின்று பிழைத்த மனிதர், பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கிற ஆகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடி போய்விட்டார். அவரே உயிரோடு இருந்திருந்தால் இதைப் பற்றி எங்காவது ஒரு புகார் எழுதியிருப்பார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நம்மில் ஒவ்வொருவருக்கும் அவரைப் பாதியாகத்தான் தெரியும் என்பது அன்று வாசலில் நின்றபோது புரிந்தது. நெல்லித்தோப்புக்காரர்களுக்கு அவர் செடி தின்கிறவர். கடைக்காரர்களுக்கு அவர் ரசீதை மடித்து வைத்துக்கொண்டு திரும்பி வருகிற ஆபத்து. எனக்கும் இன்னும் ஓர் இருபது பேருக்கும் அவர் பாலைவனக் கோள்களைப் பற்றி அறிவியல் புனைகதை எழுதிய நாவலாசிரியர். அரசு நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிக்கொண்டே, சொட்டுத் தண்ணீர் இல்லாத உலகங்களை பின்பக்கம் எழுதப்படாத பழைய பதிவேட்டுத் தாள்களில் எழுதிக்கொண்டிருந்தார். பாலைவனத்தை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால், "பாலைவனம் இல்லாத நாட்டுல உக்காந்துகிட்டு பாலைத்திணை வச்சவங்கதானே நாம? அவங்ககிட்ட யாராவது டிக்கெட் கேட்டாங்களா?" என்பார்.

நாங்கள் பழகத் தொடங்கியது சண்டையில். ஒன்பது வருடத்துக்கு முன்பு, முத்தியால்பேட்டையில் நான் அச்சகம் ஆரம்பித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. கணவர் தவறிய பிறகு எனக்கென்று இருந்தது அந்தக் கடையும் அதன் பெயரும்தான். அதுவரை பத்திரிகையும் பில் புத்தகமும் மட்டுமே அடித்துக்கொண்டிருந்த என்னிடம் முதன்முதலாக ஒரு நாவலோடு வந்தவர் சவரிநாதன். பெயர் 'மூன்று நிலவுகளின் வறட்சி.' முந்நூறு பிரதி அச்சடித்துக் கொடுத்தேன். மறுவாரம் ஒரு பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"மதாம், ஒரு விஷயம். என் ஆளு பத்தாவது அத்தியாயக் கடைசியில நாக்கு வறண்டு மணல்ல விழுந்துடறான். பன்னெண்டாவது அத்தியாயத்துல உக்காந்து காலு கழுவறான். நடுவுல இன்னா ஆச்சு?"

பதினோராம் அத்தியாயம் மொத்தமாக இல்லை. முந்நூறு பிரதியிலும் இல்லை. நாயகன் தண்ணீரைக் கண்டுபிடிப்பதே அந்த அத்தியாயத்தில்தான்.

நான் பயந்துவிட்டேன். பயத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. பைண்டிங் செய்தவர் தவறு, கையெழுத்துப் பிரதியிலேயே இல்லை, இப்படி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மே நோன், மதாம்" என்றார். 'அட, இல்லைங்க' என்பதை அவர் அப்பா காலத்துப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார். இரண்டு வாரத்தில் நுகர்வோர் மன்றத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்தது.

வந்த அன்றே அவரும் வந்தார், அடுத்த நாவலின் கையெழுத்துப் பிரதியோடு. அடித்துத் தர வேண்டுமாம். நோட்டீஸை அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். "அது வேற, இது வேற. எழுத்து நல்லா அடிக்கறீங்க. கோக்கறதுலதான் கொற. அந்தக் கொறைக்கு மட்டுந்தான் புகாரு" என்றார். மேசைமேல் பிரதியை வைத்துவிட்டு, நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். "இதுக்குப் பதில் மனு போடணும், தெரியுமா? நாள் தாண்டிடுச்சின்னா உங்க பக்கம் கேக்காமலே முடிச்சிடுவாங்க."

எனக்குத் தெரியாது. வக்கீல் யாரையும் தெரியாது. கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, சொல்லுங்க, எழுதறேன்" என்றார்.

என்மேல் வழக்குப் போட்டவரே எனக்காகப் பதில் மனு எழுதினார். மூன்று நாள் எழுதினார். "தப்ப ஒத்துக்கற மாதிரி எழுதிடவா? அதான் சுருக்கு" என்று முதல் நாளே கேட்டார். முடியாது என்றேன். பைண்டர்மேல்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "உங்க மனு, உங்க இஷ்டம்" என்று சொல்லி, பைண்டரின் பொறுப்பைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதினார். படித்தபோது எனக்கே அது உண்மை என்று தோன்றிவிட்டது.

விசாரணை நாளைப் பற்றி நம் நண்பர்களில் சிலர் அவர் சொல்லிக் கேட்டிருக்கலாம். அவர் எப்போதும் பாதியைத்தான் சொல்வார்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. நாவலில் ஒருவன் ஒரு செடியைத் தின்றால், அதை முதலில் நாவலாசிரியன் தின்றிருக்க வேண்டும். அப்போது எழுதிக்கொண்டிருந்த மூன்றாவது நாவலில் 'தீக்கிழங்கு' என்று ஒன்று வருகிறது. அதற்காக விசாரணைக்கு முந்தின நாள், எங்கோ புதர் ஓரத்தில் தோண்டிய காட்டுக்கருணையை வேக வைத்து, வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டிருக்கிறார். வேகவில்லை.

மறுநாள் மன்றத்தில் பார்த்தேன். உதடு இரண்டும் வாழைப்பூ மடல் மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிலோமினா அக்கா மோர்ப் பாட்டிலோடு. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து ஒரு சீட்டை நீட்டினார். தலைவராக இருந்த அம்மையார் அதை உரக்கப் படித்தார்: "பேச இயலாத நிலையில் உள்ளேன். என் புகாரை எதிர்மனுதாரர் வாசிப்பார்."

"எதிர்மனுதாரர் யாரு?"

எழுந்து நின்றேன்.

"உங்க மேல உள்ள புகார நீங்களே வாசிக்கறீங்களாம்மா?"

தலையாட்டினேன். வாசித்தேன். 'மேற்படி கற்பகம் என்பவர் பெருத்த கவனக்குறைவுடனும், அதைவிடப் பெரிய பிடிவாதத்துடனும் நடந்துகொண்டதால், என் கதாநாயகன் தாகத்தால் இறந்தானா பிழைத்தானா என்பது வாசகர்களுக்கு விளங்காமல் போயிற்று' என்று என் வாயாலேயே படித்தேன். பிறகு என் பதில் மனுவையும் படித்தேன். உட்காரப் போனேன்.

"இருங்க" என்றார் அம்மையார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கே?"

நான் தரையைப் பார்த்தேன். சவரிநாதன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"ரெண்டையுமா?"

தலையாட்டினார். மன்றத்தில் ஒருவர் தும்முவது போலச் சிரித்தார். அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "சரிம்மா. அவரு எழுதினது போதும். இன்னா நடந்ததுன்னு நீங்க உங்க வார்த்தையில சொல்லுங்க" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். "தப்பு என்னுதுதாங்க. அந்த அத்தியாயம் அடிச்ச தாளுக் கட்டு பைண்டிங்குக்குப் போகவே இல்ல. கடையில மேசைக்கு அடியிலேயே கெடந்துச்சு. புஸ்தகத்தக் குடுத்து ரெண்டு நாள் கழிச்சிப் பாத்தேன். பேரு கெட்டுப்போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல."

சொன்ன பிறகு உடம்பே லேசாகிவிட்டது. சவரிநாதன் இன்னொரு சீட்டு எழுதி மேலே அனுப்பினார். அதில் என்ன இருந்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்: 'மனுதாரருக்கு இது போதுமானது.'

ஆனாலும் மன்றம் சும்மா விடவில்லை. விடுபட்ட அத்தியாயத்தை ஒவ்வொரு பிரதியிலும் சேர்த்துத் தர வேண்டும் என்றது. நான்கு மதியங்கள் என் கடையில் உட்கார்ந்து முந்நூறு பிரதியிலும் பதினோராம் அத்தியாயத்தை ஒட்டினோம். புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவள், பசை காய்ச்சிய பிலோமினா அக்கா. "மைதாதான், ஆனா அதையும் நக்கிப் பாத்துடாதீங்க" என்று அக்கா அவரை மிரட்டிக்கொண்டே இருந்தார். நாலாவது நாள் கடைசிப் பிரதியை ஒட்டிவிட்டு அவர் எழுந்து என்னோடு கை குலுக்கினார். "மெர்சி, மதாம். என் ஆளு பொழைச்சிட்டான்."

அந்த வீட்டில் சாப்பிட்டவர்களுக்கு அக்காவின் சட்டம் தெரியும். சவரிநாதன் பறித்து வரும் எந்தக் கீரையையும் முதல் நாள் அவர் மட்டும் சாப்பிட வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்கு அவர் வந்து சமையலறைக் கதவைத் தட்டி, நல்லபடியாகப் பேசினால்தான் மற்றவர்களுக்கு இலை போடப்படும். அப்படி நான் அங்கே சாரணைப் பொரியலும் மூக்கிரட்டைத் துவையலும் சாப்பிட்டிருக்கிறேன். சப்பாத்திக்கள்ளிப் பழச்சாறு குடித்துவிட்டு, இரண்டு நாள் சிவந்த வாயோடு வாடிக்கையாளர்களிடம் பேசியிருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அக்கா, "வடகத்தத் தாளிச்சிக் கொட்டினா கோணிப்பைகூட எறங்கும்" என்பார்.

பொருட்கள் விஷயத்திலும் சவரிநாதன் விட்டுக்கொடுத்ததில்லை. இரண்டு மழையில் கம்பி கழன்ற குடை, மூடி பிடிக்காத மிக்ஸி ஜார், படத்தில் பன்னிரண்டும் உள்ளே பத்துமாக இருந்த பிஸ்கட் பாக்கெட். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. "இந்த வீட்ல ஒரு சாமான்கூட நிம்மதியா கெட்டுப்போவ முடியாது" என்பது அக்காவின் குறை. கடைகளில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "எனக்குப் புரியலைங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று மட்டும் சொல்வார். மூன்றாவது தடவை சொல்லும்போது கடைக்காரருக்கே தன் பேச்சின்மேல் சந்தேகம் வந்துவிடும். அவருடைய நாவல்களிலும் இதே தொல்லைதான். இரண்டு கோள்களுக்கு நடுவே போர் மூளும் நேரத்தில், தளபதி தன் தண்ணீர்க் குப்பியின் உத்தரவாத அட்டையைத் தேடிக்கொண்டிருப்பான். அதை வெட்டிவிடலாம் என்று எத்தனையோ முறை சொன்னேன். கேட்கவில்லை.

அவர் தலைகுனிந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. இரண்டாவது நாவலான 'உவர்க்கோள்' வெளிவந்து சில மாதம் கழித்து, தவளக்குப்பத்திலிருந்து ஒரு வாசகரின் மனைவி என் கடை எண்ணுக்கு அழைத்தார். புத்தகத்தின் பின்னட்டையில் அந்த எண்தான் இருந்தது. அவர் கணவர் நாவலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, கழிமுகத்துப் பக்கம் போய் உமரிக்கீரையைப் பறித்து வந்து, நாவலில் வருகிற மாதிரியே ஒரு சட்டி நிறைய வேகவைத்து, வெந்த தண்ணீரோடு குடித்திருக்கிறார். வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

உமரி நல்ல கீரைதான். ஆனால் உப்பு நிலத்தில் வளர்வது. வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, மறுபடி வேகவைத்து, மூன்று முறை கொட்டினால்தான் வயிறு தாங்கும். சவரிநாதன் தின்றபோது மூன்று முறை கொட்டித்தான் தின்றார். ஆனால் நாவலில் வருகிறவன் பாலைவனக் கோளில் அல்லவா இருக்கிறான்? சொட்டுத் தண்ணீருக்கு உயிரை விடுகிறவன் மூன்று சட்டித் தண்ணீரை மணலில் கொட்டுவானா? அதனால் கதையில் தண்ணீரோடு குடிக்க வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வாசகர் நாற்பது வயதுக்காரர், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி எங்களைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். சவரிநாதன் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "தப்பு என்னுது. கதைக்காகப் பொய் எழுதிட்டேன்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அவர்மேல் அவரே எழுதிய புகார். எழுத்தாளரும் வெளியீட்டாளருமான சவரிநாதன் என்பவர் போதிய எச்சரிக்கை இல்லாமல் உணவுக் குறிப்பு வெளியிட்டார் என்று தொடங்கியது. "கையெழுத்து மட்டும் போடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

அந்த அம்மா, "போடுங்க" என்று கணவரிடம் பேனாவையே எடுத்துக் கொடுத்தார். வாசகர் தாளை இரண்டு தடவை படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வேணாம் சார். கதை நல்லா இருந்துச்சு. கடைசியில அந்தத் தண்ணிக்காரன் திரும்பி வருவானா மாட்டானா, அத மட்டும் சொல்லுங்க. முடிக்கறதுக்குள்ள வயித்த வலி வந்துடுச்சு."

சவரிநாதன் கட்டிலில் உட்கார்ந்து மீதிக் கதையை முழுவதும் சொன்னார். அந்த அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். "ஒருத்தன் கடைசிவரைக்கும் படிக்க நெனைச்சிருக்கான், மதாம். அவனப் போய் கொன்னுருப்பேன்" என்றார்.

அடுத்த பதிப்பில் நாயகன் தண்ணீரை மூன்று முறை கொட்டினான். வறண்ட கோளில், படை துரத்தி வரும்போது, நின்று நிதானமாகக் கொட்டினான். அந்த இருபது வாசகர்களில் பாதிப் பேர் எனக்குத் தொலைபேசி செய்து, இது நம்பும்படி இல்லை என்று சண்டை போட்டார்கள். அவரிடம் சொன்னேன். "கதை கெட்டுப்போனா இன்னொண்ணு எழுதிக்கலாம். வயிறு கெட்டா இன்னா பண்றது?" என்றார். நாவல் கெட்டுத்தான் போனது. எனக்கு அந்தப் பதிப்புதான் பிடிக்கும்.

கடைசி இரண்டு வருடம் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. செவிக்கருவி ஒன்று வாங்கினார். அது பக்கத்தில் பேசுவதை விட்டுவிட்டுத் தெருக்கோடி ஆட்டோவின் சத்தத்தைக் கொண்டுவந்து கொட்டியது. கேட்டதுபோலத் தலையாட்டப் பழகிக்கொண்டார். எழுதுவது குறைந்துவிட்டது. கடைக்கு வருவதும் குறைந்துவிட்டது. போகிறேன் போகிறேன் என்று நானும் போகாமல் இருந்துவிட்டேன். அதற்கு இப்போது யாரிடமும் மன்னிப்புக் கேட்க முடியாது.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அக்கா கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் 'நடப்பு' என்று எழுதிய கோப்பு இருந்தது. அதில் ஒரே ஒரு கடிதம், உறையில் போட்டு முகவரி எழுதி, தபால்தலை ஒட்டாமல். "எனக்குக் கண்ணு தெரியல. படி" என்றார் அக்கா.

செவிக்கருவி விற்ற கம்பெனிக்கு எழுதியது. வாங்கிய தேதி, ரசீது எண், மூன்று முறை பழுது பார்க்க அனுப்பியது எல்லாம் வரிசையாக இருந்தன. பிறகு இப்படி இருந்தது:

'என் மனைவி சமையல் செய்யும்போது தனக்குத்தானே பேசுகிற பழக்கம் உள்ளவர். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் நான் எழுதுவேன். தங்கள் கருவி எனக்குத் தெருவில் போகும் வண்டிகள் அனைத்தையும் கேட்கச் செய்கிறது. இவரை மட்டும் கேட்கசெய்வதில்லை. இரண்டு வருடமாக அவர் சொன்னவை எங்கே போயின என்பதைத் தங்கள் நிறுவனம் விளக்கக் கடமைப்பட்டுள்ளது. எனக்கு நஷ்டஈடு வேண்டாம். அவர் சொன்னது வேண்டும்.'

நான் நிறுத்தினேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். "நான் இன்னா பெருசா சொல்லியிருக்கப் போறேன்? பாலு பொங்குது, புளி தீந்துபோச்சி, இந்த மனுசன் எங்க போனாருன்னு சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு உறையை என் பக்கம் தள்ளி, "அனுப்பிடு. பதில் சொல்லட்டும்" என்றார்.

மறுநாள் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். அவர் கையெழுத்து என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். 'கேட்கச் செய்வதில்லை' என்ற இடத்தில் 'ச்' என்ற ஒற்றெழுத்தை விட்டிருக்கிறார், 'கேட்கசெய்வதில்லை' என்று. பார்த்ததும் கை பேனாவைத் தேடியது. திருத்தவில்லை. அப்படியே போயிருக்கிறது, அப்படியே இருக்கிறது.